மரத்தூளும் மரச்சீவலும் வீணாகாமல் இருக்க: பிரிப்பது முதல் பயன்படுத்துவது வரை முழுமையான வழிகாட்டி

பலகையை அறுத்து, இழைத்து, உப்புத்தாள் போட்டு முடிக்கும்போது அந்த மரத்தில் கணிசமான பங்கு தரையில் கிடக்கும். மரவேலை செய்கிறவர்களுக்கு அது தினமும் கூட்டி அள்ளவேண்டிய தொல்லை. அதே நேரத்தில் தோட்டக்காரர், கோழி வளர்ப்பவர், காளான் வளர்ப்பவர், மட்பாண்டம் செய்பவர் எனப் பலர் இதே பொருளைத் தேடி அலைகிறார்கள். இரண்டு பக்கமும் சேராமல் போவதற்கு நான் பார்த்தவரை ஒரே காரணம்தான்: பட்டறையில் எல்லாத் தூளையும் ஒன்றாகக் கூட்டி ஒரே சாக்கில் கொட்டிவிடுகிறோம். அந்தச் சாக்கில் பிளைவுட் தூள் இருக்கும், பெயின்ட் சுரண்டல் இருக்கும், ஆணி இருக்கும். அதை யாரும் நம்பி எதிலும் போட முடியாது.

அதனால் இந்த வழிகாட்டியில் பயன்களுக்கு முன்னால் பிரிப்பதைப் பற்றிப் பேசுகிறேன். தூள் விழும் இடத்திலேயே பிரித்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

முதல் படி: விழும்போதே பிரியுங்கள்

சுத்தமான மரத்தின் தூள் ஒரு பக்கம், மற்றதெல்லாம் இன்னொரு பக்கம். இதுதான் அடிப்படைப் பிரிவு. பெயின்ட், வார்னிஷ், பசை, பூச்சிமருந்து எதுவும் படாத முழு மரத்திலிருந்து வருவதே சுத்தமான தூள். பிளைவுட், எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), பார்ட்டிகிள் போர்டு (மரத்துகளை அழுத்திச் செய்த பலகை) மூன்றிலும் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு கலந்த பிசின்தான் பசையாக இருக்கும். அந்தத் தூள் மண்ணுக்கும் போகக் கூடாது, அடுப்புக்கும் போகக் கூடாது, கால்நடைப் படுக்கைக்கும் போகக் கூடாது.

இதைவிட மோசமானது மருந்தேற்றிய மரம். வெளிப்புற வேலிகளுக்கும் தூண்களுக்கும் கரையான் அரிக்காமல் இருக்கத் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த கரைசலை அழுத்தி ஏற்றும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பழைய மரத்தில் பச்சைச் சாயல் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். இந்த வகைத் தூளைக் கெட்டியான பையில் கட்டி, உங்கள் ஊர் நிர்வாகம் அபாயக் கழிவுக்கு ஒதுக்கியிருக்கும் வழியில் அனுப்புவதைத் தவிர வேறு நல்ல வழி கிடையாது.

சுத்தமான தூளையும் பருமனைப் பார்த்து மூன்றாகப் பிரிக்கலாம். இழைப்புளியிலும் பிளேனரிலும் வரும் சுருள் சீவல், ரம்பத்தில் வரும் கரகரப்பான தூள், உப்புத்தாளில் வரும் மாவு. சீவலின் வேலையைத் தூள் செய்யாது, தூளின் வேலையை மாவு செய்யாது. தூசி உறிஞ்சும் இயந்திரம் வைத்திருப்பவர்கள், பிளைவுட் அறுக்கும் முன் பையை மாற்றுங்கள். அது முடியாவிட்டால் பலகை வகை வேலைகளை ஒரே நாளில் சேர்த்துச் செய்து, அன்று விழுந்ததைத் தனியாகக் கட்டிவிடுங்கள். தரையில் கூட்டிய தூளின் மேல் ஒரு பலமான காந்தத்தை ஓட்டினால் ஆணி, திருகு, இரும்புத் துண்டுகள் வந்துவிடும்.

சாக்கின் மேல் மரத்தின் பெயரை எழுதி வையுங்கள். பெயர் முக்கியம் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு: கறுப்பு வால்நட் மரச்சீவலைக் குதிரைக்குப் படுக்கையாகப் போட்டால் குளம்புகளில் வீக்கம் வந்து நடக்க முடியாமல் போகும். முழுவதும் வால்நட்டாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை, மற்ற சீவலோடு ஐந்தில் ஒரு பங்கு கலந்திருந்தாலே போதும். அதே மரத்தில் உள்ள ஜுக்லோன் என்ற வேதிப்பொருள் தக்காளிச் செடியையும் வாட்டும். தேவதாரு போன்ற வாசனை மரங்களின் பச்சைச் சீவல் எலி, முயல் போன்ற சிறு பிராணிகளுக்கு ஒத்துக்கொள்ளாது.

இரண்டாம் படி: காயவையுங்கள், பத்திரமாக வையுங்கள்

ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்து பாருங்கள். உதிர்ந்தால் காய்ந்த தூள். உருண்டையாக நின்றால் ஈரம் இருக்கிறது. பச்சை மரத்திலிருந்து வரும் தூள் மூட்டைக்குள் பூசணம் பிடிக்கும், பெரிய குவியலாக இருந்தால் உள்ளுக்குள் சூடேறும். மெல்லியதாகப் பரப்பி, புரட்டிக் காயவைத்து, காற்றுப் போகும் சாக்கில் கட்டுங்கள். பிளாஸ்டிக் பை நன்றாகக் காய்ந்த தூளுக்கு மட்டும்.

தீ விஷயத்தில் மூன்றை மறக்க வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் ஊறிய தூளும் துணியும் நெருப்பே படாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். எண்ணெய் காற்றோடு வினைபுரியும்போது வரும் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளே சேர்வதால் அப்படி ஆகிறது. எண்ணெய் துடைத்த தூளை நீர் ஊற்றி மூடிபோட்ட உலோக டப்பாவில் வையுங்கள். அடுத்தது, காற்றில் மிதக்கும் நுண்தூள் வெடிக்கும். 2012ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சில மாத இடைவெளியில் இரண்டு அறுவை ஆலைகள் தூள் வெடிப்பில் அழிந்தன, ஒவ்வொன்றிலும் இருவர் உயிரிழந்தார்கள். உத்தரத்திலும் விளக்குகளின் மேலும் படியும் மெல்லிய தூளைச் சேரவிடாதீர்கள். அப்புறம், கிரைண்டரில் இரும்பு தேய்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் தூள் மூட்டை இருக்கவே கூடாது.

மூச்சுக்கும் பாதுகாப்பு வேண்டும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995ல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. ஓக், பீச் போன்ற கடின மரங்களின் தூளை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு மூக்கு, சைனஸ் புற்றுநோய் வந்ததுதான் காரணம். தூளைச் சலிக்கும்போதும் மூட்டை கட்டும்போதும் என்95 தர முகக்கவசம் போடுங்கள். கைக்குட்டை கட்டிக்கொள்வது போதாது.

மக்கு உரம்: நிறையத் தூள் தீரும் வழி

நிறையத் தூள் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் தூளை அப்படியே மண்ணில் கலந்துவிட்டு, செடி மஞ்சளாகிவிட்டது என்று சொல்பவர்கள் அதிகம். தூள் மண்ணைக் கெடுத்துவிட்டது என்று அவர்கள் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. மரத்தூளில் கரிமம் (கார்பன்) மிக அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு. தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் 200 முதல் 500 பங்கு வரை. மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு வசதியான விகிதம் 25 முதல் 30 வரை. குறைகிற தழைச்சத்தை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன, செடி பட்டினி கிடக்கிறது. தூள் மக்கி முடித்ததும் அந்தச் சத்து திரும்ப வரும், ஆனால் அதுவரை செடி தாங்காது.

ஆக, தழைச்சத்தை நாம் கொடுத்து, தோட்டத்துக்கு வெளியே மக்கவைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. கணக்கு கடினமில்லை. 100 கிலோ காய்ந்த மரத்தூளில் ஏறக்குறைய 50 கிலோ கரிமம் இருக்கிறது. விகிதம் 30 வரவேண்டுமானால் ஒன்றரை கிலோ அளவுக்குத் தழைச்சத்து சேர்க்கவேண்டும். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்பதால் மூன்று கிலோவுக்குச் சற்று மேல். ஆனால் மரத்தின் கரிமத்தில் ஒரு பகுதி, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளில் இருக்கிறது, அது மெதுவாகத்தான் மக்கும். அதனால் இரண்டு கிலோவிலேயே குவியல் நன்றாக வேலை செய்யும். யூரியா போட விருப்பமில்லாதவர்கள் கோழி எருவைச் சேர்க்கலாம், அதில் தழைச்சத்து நிறைய. மாட்டுச்சாணமும் பச்சைப்புல்லும் நல்லவை, ஆனால் அவற்றின் அளவு தூளைவிடப் பல மடங்கு வேண்டும்.

செய்முறை இது:

1. ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரத்துக்குக் குறையாத இடம் ஒதுக்குங்கள். அதைவிடச் சிறியது சூடு பிடிக்காது.
2. அடியில் குச்சிகளையோ பெரிய சீவலையோ பரப்புங்கள். காற்று கீழிருந்து நுழைய இது உதவும்.
3. தூளை முந்தின நாளே நனைத்துவிடுங்கள். காய்ந்த தூள் மேலே ஊற்றும் நீரை உருட்டிவிடும், உள்ளே இழுக்காது. கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு விழவேண்டும், ஒழுகக் கூடாது.
4. தூள், எரு, பச்சை இலை மூன்றையும் அடுக்குவதைவிடக் கலந்துவிடுவது மேல். பாதி மக்கிய பழைய உரம் ஒரு கூடை சேர்த்தால் நுண்ணுயிர்கள் சீக்கிரம் பரவும்.
5. சில நாளில் நடுவில் 55 முதல் 65 டிகிரி வரை சூடு ஏறும். சூடு இறங்கத் தொடங்கியதும் புரட்டி, நீர் தெளித்து, மறுபடி குவியுங்கள்.

நுண்தூள் மட்டும் போட்டால் இறுகிக் காற்றில்லாமல் நாறும். மூன்றில் ஒரு பங்காவது சீவல் கலந்தால் அந்தத் தொல்லை வராது. அம்மோனியா நெடி வந்தால் தழைச்சத்து கூடிவிட்டது, இன்னும் தூள் போடுங்கள். சூடே ஏறாவிட்டால் பெரும்பாலும் எரு போதவில்லை அல்லது காய்ந்துவிட்டது. அடிக்கடி புரட்டினால் சில மாதங்களில் தயாராகும், புரட்டாமல் விட்டால் ஓராண்டுக்கு மேல் ஆகும். நிறம் கறுத்து, மண்வாசனை வந்து, தனித் தூளாகத் தெரியாதபோது எடுங்கள். அவசரப்பட்டு முன்னால் எடுத்தால் பழைய மஞ்சள் இலைக் கதைதான்.

மூடாக்கும் பாதையும்

மண்ணுக்கு மேலே பரப்பும்போது தழைச்சத்துப் பறிபோவது தூளும் மண்ணும் தொடும் மேற்பரப்பில் மட்டும்தான், வேர் வரை போகாது. எனவே மூடாக்குக்குப் புதிய சீவலே போதும். ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் தடிமன் போடுங்கள். தண்டைச் சுற்றி ஒரு கையளவு இடம் விடுங்கள், ஈரம் தண்டில் ஒட்டினால் அழுகும். நுண்தூளை மூடாக்காகப் போட வேண்டாம், அது காய்ந்து ஓடு கட்டி மழைநீரை வழித்துவிடும். மரம், புதர், பழச்செடிகளுக்கு இது அருமையானது. விதை தூவிய பாத்திக்கு ஏற்றதில்லை.

சேறாகும் நடைபாதையில் ரம்பத்தூளை அடர்த்தியாகக் கொட்டுங்கள். ஓராண்டு மிதிபட்ட பிறகு அதையே அள்ளி உரக்குழியில் போடலாம்.

கோழி, குதிரை, கால்நடைப் படுக்கை

சீவல் தன் எடையைவிட அதிக ஈரத்தை இழுக்கும், மெத்தென்று இருக்கும், புரட்டினால் சீக்கிரம் காயும். ஆழ்கூளத்துக்கு, அதாவது கோழிக்கொட்டகைத் தரையில் தடிமனாகப் பரப்பும் படுக்கைக்கு, சீவல் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் பரப்பினால் தொடங்கப் போதும். குஞ்சுகள் வந்த முதல் சில நாட்கள் சீவலின் மேல் தாள் விரியுங்கள், தீவனம் என்று நினைத்துக் கொத்திவிடும். நுண்தூள் எந்தப் பிராணிக்கும் வேண்டாம். அவற்றுக்கும் நுரையீரல் இருக்கிறது.

தினமும் கிளறிவிடுங்கள். மூக்கில் அம்மோனியா எரிந்தால் புதுச்சீவல் சேர்க்கவேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்று பொருள். கோழிக்கூளத்தை எடுக்கும்போது அதில் தழைச்சத்து ஏற்கெனவே சேர்ந்திருக்கும். மேலே சொன்ன உரக்கணக்கில் பாதி வேலை கோழியே முடித்துக் கொடுத்துவிடுகிறது. சீவலை முதலில் கூளமாக்கி, அப்புறம் உரமாக்குவதுதான் எனக்குப் பிடித்த வழி, ஒரே சீவல் இரண்டு முறை உழைக்கிறது.

நீர் ஊற்றாத மக்குக் கழிப்பறையிலும் தூளுக்குப் பெரிய இடம் உண்டு. ஒவ்வொரு முறையும் லேசான ஈரமுள்ள தூளால் முழுதாக மூடினால் நெடியும் ஈயும் அடங்கும். மிகவும் காய்ந்த தூள் நெடியை அவ்வளவாகப் பிடிக்காது.

காளான் வளர்க்க

சிப்பிக்காளானும் ஷிட்டாகேயும் மரத்தைத் தின்று வளர்பவை, மற்றவை தொட முடியாத லிக்னினையும் அவை உடைக்கும். கடின மரத் தூள்தான் வேண்டும். பைன் போன்ற பிசின் மரங்களின் புதுத்தூளில் காளான் இழை தயங்கும்.

எடையில் நான்கு பங்கு தூளுக்கு ஒரு பங்கு தவிடு கலந்து, மொத்தத்தில் 60 முதல் 65 சதவீதம் ஈரம் வரும்வரை நீர் சேருங்கள். கையில் இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு, இங்கும் அதே சோதனைதான். வெப்பம் தாங்கும் பாலிபுரொப்பிலீன் பையில் நிரப்பி, 121 டிகிரியில் அழுத்த நீராவியில் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் வேகவையுங்கள். தவிடு சேர்த்த கலவையில் இந்தப் படியைச் சுருக்கவே கூடாது, ஏனென்றால் தவிட்டைப் பூசணமும் காளானைவிட வேகமாகத் தின்னும். முழுதாக ஆறிய பிறகு சுத்தமான கையால் காளான் வித்தை இட்டு, இருட்டான இடத்தில் வையுங்கள். பை முழுதும் வெள்ளை இழை படர்ந்ததும் கீறிவிட்டு, நல்ல காற்றும் 80 முதல் 90 சதவீத ஈரப்பதமும் இருக்கும் அறைக்கு மாற்றினால் மொட்டு வரும். பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் தெரிந்த பையை அறைக்குள்ளே திறக்காதீர்கள், அப்படியே வெளியே கொண்டுபோய்விடுங்கள். அறுவடை முடிந்த கட்டிகள் பாதி மக்கியவை, உரக்குழிக்கு உடனே போகலாம்.

எரிபொருளாக

தளர்வான தூளை நேராக நெருப்பில் கொட்டினால் ஒன்று அணைத்துவிடும், இல்லை குப்பென்று பிடித்து முகத்துக்கு வரும். இறுக்கினால்தான் அது நல்ல எரிபொருள்.

மரத்தூள் அடுப்பு செய்வது எளிது. மேல்மூடி வெட்டிய ஒரு பெரிய தகர டின்னை எடுத்து, பக்கச் சுவரில் அடியை ஒட்டி ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு துளை போடுங்கள். அந்தத் துளை வழியே ஒரு உருளைக் கட்டையை மையம் வரை நுழையுங்கள், அதன் மேல் இன்னொரு கட்டையை நேராக நிறுத்துங்கள். சுற்றிலும் காய்ந்த தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நன்றாக இடித்து நிரப்புங்கள். பிறகு இரண்டு கட்டைகளையும் மெல்லத் திருகி உருவினால் உள்ளே எல் வடிவத்தில் ஒரு புகைவழி கிடைக்கும். கீழ்த்துளையில் சிறு குச்சிகளால் பற்றவைத்தால் தூள் உள்சுவரிலிருந்து வெளிப்பக்கமாக எரிந்துகொண்டே போகும். பெரிய டின் பல மணி நேரம் தாங்கும். பாத்திரத்துக்கும் டின்னுக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். எரியும்போது டின்னைத் தட்டவோ மேலே தூள் போடவோ கூடாது, சரிந்தால் புகைதான் மிஞ்சும். கார்பன் மோனாக்சைடு நிறைய வரும் என்பதால் திறந்த வெளியில் மட்டும் வையுங்கள்.

அடுப்பு பற்றவைக்கும் துண்டுகளுக்கு, காகித முட்டைத்தட்டின் குழிகளில் சீவலை அடைத்து உருகிய மெழுகை ஊற்றி ஆறவிடுங்கள். மெழுகை நேர் நெருப்பில் உருக்காமல் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கவேண்டும்.

ஆலையில் பெல்லட், பிரிக்கெட் எனப்படும் எரிகட்டிகளைச் செய்வதற்குப் பொதுவாகப் பசை சேர்ப்பதில்லை. அதிக அழுத்தத்தில் வரும் சூட்டில் மரத்தின் சொந்த லிக்னினே இளகி, ஆறும்போது இறுகிப் பிடித்துக்கொள்ளும். தூளின் ஈரம் பத்து சதவீதத்தை ஒட்டி இருந்தால்தான் இது சரியாக நடக்கும். வீட்டில் அந்த அழுத்தம் கிடைக்காது. அதற்குப் பதில் ஊறவைத்த காகிதக் கூழைத் தூளோடு பிசைந்து, அச்சில் அழுத்திக் காயவைக்கலாம். ஆனால் காய்வதற்கு நாள்கணக்கில் ஆகும், அந்த உழைப்புக்கு ஈடாக வரும் வெப்பம் குறைவு. தூள் மலைபோலச் சேரும் இடத்துக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்பேன்.

பட்டறைக்குள்ளேயே

உப்புத்தாள் மாவைச் சின்ன டப்பாக்களில் மரவகை எழுதி வையுங்கள். வெள்ளைப் பசையோடு கெட்டியாகக் குழைத்தால் ஆணித்துளைக்கும் இணைப்பு இடைவெளிக்கும் அதே மரத்தின் பட்டி கிடைக்கும். காய்ந்தபின் மரத்தைவிடக் கொஞ்சம் கறுத்துத் தெரியும், எனவே ஒரு சாயல் வெளிறிய மரத்தின் மாவை எடுப்பது புத்திசாலித்தனம். பசை சாயத்தை உறிஞ்சாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஸ்டெய்ன் அடிக்கும் வேலையென்றால் முதலில் ஒரு துண்டு மரத்தில் சோதியுங்கள். எபாக்சிப் பசை வழியாமல் நிற்கவும் இதே மாவு உதவும்.

தரையில் எண்ணெய் சிந்தினால் ரம்பத்தூளைக் கொட்டிச் சிறிது நேரம் விட்டுக் கூட்டினால் போதும். கூட்டியது தீப்பிடிக்கும் பொருள், நல்ல தூளோடு சேர்க்காதீர்கள். ஆக்சிஜன் தரும் ரசாயனங்கள், அமிலங்கள் சிந்திய இடத்தில் தூளே போடக் கூடாது. கழுவிய சிறு உலோகச் சாமான்களைப் பிசினில்லாத மரத்தின் தூளில் புரட்டினால் நீர்க்கறை படியாமல் காயும்.

உடையும் பொருளைக் கட்டச் சுருள் சீவல் நல்லது. வெப்பத்தைத் தடுப்பதிலும் தூள் கெட்டி. 19ஆம் நூற்றாண்டில் ஃபிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வணிகர் பாஸ்டனிலிருந்து ஏரிப் பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றி விற்ற வணிகம் வளர்ந்ததில், அறுவை ஆலைகள் வேண்டாமென்று ஒதுக்கிய தூளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1833ல் கல்கத்தாவுக்குப் போன முதல் சரக்கில் நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பிறகும் பாதிக்கு மேல் கரையாமல் வந்து சேர்ந்தது. இந்தக் குணத்தோடு ஈரத்தைப் பிடித்துவைக்கும் குணமும் சேர்வதால்தான் கேரட், பீட்ரூட் போன்ற கிழங்குகளை லேசான ஈரத்தூளில் ஒன்றையொன்று தொடாமல் புதைத்துக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் வாடாமல் இருக்கின்றன.

களிமண்ணோடு கலந்து சுட்டால் தூள் எரிந்துபோய் நுண்துளைகள் மிஞ்சும். 1981ல் குவாத்தமாலாவில் ஃபெர்னாண்டோ மசாரியேகோஸ் உருவாக்கிய மண்பானை நீர்வடிகட்டி இந்த அடிப்படையில்தான் வேலை செய்கிறது. சலித்த, ஒரே பருமனுள்ள தூளை மட்பாண்டம் செய்பவர்கள் மதிப்பார்கள்.

வாங்கிக்கொள்ள ஆள் பிடிப்பது

தூளைச் சொந்தமாகச் செலவழிக்க முடியாதவர்களுக்கு இதுதான் கடைசிப் படி. ‘தூள் இருக்கிறது’ என்று மொட்டையாகச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். எந்த மரம், சீவலா தூளா, காய்ந்ததா பச்சையா, பிளைவுட் கலக்கவில்லை என்ற உறுதி, எத்தனை நாளுக்கு ஒருமுறை எத்தனை சாக்கு சேரும், இவ்வளவும் சொல்லுங்கள். கோழி வளர்ப்பவருக்குச் சீவல், காளான்காரருக்குக் கடின மரத்தின் ரம்பத்தூள், தோட்டக்காரருக்கு மிச்சக் கலவை என்று ஆளுக்கேற்ற சாக்கைக் காட்டுங்கள். முதல் முறை ஒரே ஒரு சாக்கு கொடுத்து, பயன்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். குறைசொன்னால் கேட்டு, சல்லடையையோ காயவைப்பதையோ மாற்றிக்கொள்ளுங்கள். காலிச் சாக்கைத் திருப்பிக் கொண்டுவருபவர்களுக்கு அடுத்த மூட்டையை எடுத்துவையுங்கள், அவர்கள்தான் தவறாமல் வருவார்கள். எந்தச் சாக்கில் சந்தேகம் வந்தாலும், கொஞ்சம் எம்.டி.எஃப் விழுந்திருக்குமோ என்று தோன்றினாலும், அதைக் கொடுக்காமல் கழிவுப் பக்கம் நகர்த்திவிடுங்கள்.